பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

2020 ஆடி மாதம். ஊரடங்குக்காலம், பேருந்து ஓடவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊரில், என் அத்தை துவைகல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு டாக்டரிடம் பேசினார். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அந்த இடத்தில்தான் டவர் கிடைக்கும். போன் அவருடையதல்ல, கடைசி மகனுடையது. அவன் அதை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். மருமகள் வாசற்படியில். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு, செல்லுக்குள் டாக்டர் வந்திருக்கிறார் என்று வேடிக்கை பார்க்க வந்திருந்தன. திண்ணையில் நானும் இருந்தேன். இலவசத் தொலைமருத்துவச் சேவை ஒன்றில் அத்தையின் பெயரைப் பதிந்து, டோக்கன் எண் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"என்னம்மா செய்யுது?"

"வயித்த வலிக்குதுங்க."

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளாவே இருக்குங்க."

"சாப்பிட்ட பிறகு வலிக்குதா, வெறும் வயித்துலயா?"

அத்தை மகனை ஒரு தரம் பார்த்தார். "ரெண்டும்தாங்க" என்றார்.

ஐந்து நிமிடத்துக்குள் மருந்துச்சீட்டு போனுக்கு வந்துவிட்டது. வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை, இரண்டு வாரம். பேருந்துக் கட்டணம் இல்லை, ஆட்டோ இல்லை, ஒரு நாள் கூலி போகவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு.

புரட்டாசியில் இருவரும் கண்மாய்க்குக் குளிக்கப் போனோம். படித்துறையில் வேறு ஆள் இல்லை. சேலையை அலசிக்கொண்டே அத்தை சொன்னார்: "வயிறு இல்லத்தா. அடி தள்ளுது. கடைசிப் பய பொறந்ததுல இருந்து." கருப்பை இறக்கம். உட்கார்ந்து எழும்போதும் நாற்று நடக் குனியும்போதும் வெளியே வருவதைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவன் போனப் புடிச்சுக்கிட்டு நிக்கயில எப்படித்தா சொல்றது?"

எந்தப் பிள்ளையின் பிறப்பில் அந்த வலி தொடங்கியதோ, அந்தப் பிள்ளைதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அவன்மேல் குற்றமில்லை. பாசமுள்ள பிள்ளை, கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தான். மருத்துவரும் அவசரப்படாமல், மரியாதையோடுதான் கேட்டார். இணைப்பு அறுபடவில்லை. யாரும் தவறு செய்யாமலே ஒரு பெண்ணின் நோய் அந்த ஐந்து நிமிடத்துக்குள் வராமல் போய்விட்டது. அந்த ஆலோசனை எங்கோ ஒரு கணக்கில் வெற்றிகரமாக முடிந்த ஒன்றாக ஏறியிருக்கும்.

தொலைமருத்துவம் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துவைகல் நினைவுக்கு வருகிறது. இத்துறையின் கட்டுரைகள், திட்ட அறிக்கைகள், விளம்பரப் படங்கள் எல்லாவற்றிலும் இரண்டே முனைகள். ஒரு முனையில் நகரத்து நிபுணர், மறுமுனையில் கிராமத்து நோயாளி. நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டின் நீளம் கிலோமீட்டரில் சொல்லப்படுகிறது. நோயாளி தன் முனையில் தனியாக இருக்கிறார் என்பது யாரும் சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்பட்ட அனுமானம். நம் ஊரில் எந்தப் பெண் அப்படித் தனியாக இருக்கிறாள்? அந்த முனையில் எப்போதும் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கணவனோ, மகனோ, மாமியாரோ, செவிலியரோ. அவர் யார் என்பதைப் பொறுத்தே அன்றைய வைத்தியம் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது.

மூன்றாவது ஆளின் அதிகாரம் தொழில்நுட்பத்தோடு வந்ததல்ல. 1890-களில் திண்டிவனத்தில் நடந்ததாக ஐடா ஸ்கடர் சொன்ன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று கணவர்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ ஐடாவை அழைக்கிறார்கள். அவரோ மருத்துவம் படிக்காத இளம்பெண். அவருடைய தந்தை மருத்துவர், அதே வீட்டில் இருக்கிறார். ஆண் மருத்துவர் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கியதும், 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி வந்ததும் பின்கதை. பொதுவாக இது ஒரு பெண்ணின் சேவை உள்ளம் விழித்துக்கொண்ட கதையாகவே சொல்லப்படுகிறது. நான் அதைத் தூரத்தைப் பற்றிய கதையாக வாசிக்கிறேன். மருத்துவர் அந்த ஊரிலேயே இருந்தார். அந்தப் பெண்களுக்கும் அவருக்கும் நடுவே கிடந்த தூரத்தை எந்தச் செயற்கைக்கோளும் அளந்திருக்க முடியாது.

செயற்கைக்கோள் நூறாண்டு கழித்து வந்தது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமத்து மருத்துவமனையைத் தொலைமருத்துவ மையமாக்கி 2000 மார்ச் 24 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டில் இஸ்ரோ தன் செயற்கைக்கோள் வழியே அரகொண்டாவைச் சென்னையின் அப்போலோவோடு இணைத்தது. கால் நூற்றாண்டாக இத்துறை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையின் முதல் அத்தியாயம் அது. அதிபர், செயற்கைக்கோள், பெருமருத்துவமனை என எல்லாப் பாத்திரங்களும் பெரியவர்கள்.

இப்போது அரசு ஆவணத்துக்கு வருவோம். 2020 மார்ச் 25, நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாள். அன்றுதான் இந்திய அரசின் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியாயின. அதுவரை சட்டத்தின் நிழலில் நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அந்த ஆவணம் முறையான இடம் கொடுத்தது. அது நல்ல காரியம், ஐயமில்லை. மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துகொண்டே பேச வேண்டும். முகம் தெரியாத ஆலோசனை கூடாது. எந்த மருந்தை முதல் ஆலோசனையிலேயே எழுதலாம், எதை எழுதவே கூடாது என்பதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன. ஒப்புதல் பற்றிய பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழைப்பைத் தொடங்குவது நோயாளி என்றால் அவருடைய ஒப்புதல் தானாகவே இருப்பதாகக் கொள்ளலாம். சுகாதாரப் பணியாளரோ பராமரிப்பவரோ தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும்.

துவைகல்லை இங்கே வைத்துப் பார்ப்போம். பதிவு அத்தையின் பெயரில், எண் மகனுடையது, தட்டச்சு செய்தது நான். அழைப்பைத் தொடங்கியது யார்? ஆவணத்தின் கண்ணில் அத்தை. அவர் ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிட்டது. எதற்கு ஒப்புக்கொண்டார், யார் முன்னால் பேச ஒப்புக்கொண்டார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தகவல் பாதுகாப்பு, நோயாளியின் அந்தரங்கம் பற்றியெல்லாம் மருத்துவருக்குப் பொறுப்பு சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பேச்சைத் தொடங்கும்முன் 'பக்கத்தில் யார் இருக்கிறார்கள், இப்போது நீங்கள் பேசலாமா' என்று கேள் எனச் சொல்லும் ஒரு வரியை அதில் நான் காணவில்லை. வெளியிலிருக்கும் திருடனுக்கு எதிராகத்தான் அந்தரங்கம் காக்கப்படுகிறது. வீட்டுக்குள் இருப்பவர் கணக்கிலேயே வரவில்லை.

'பராமரிப்பவர்' என்ற சொல்லையும் விட்டுவிட மனமில்லை. குடும்பத்தினராக இருக்கலாம், நோயாளி தனக்காகப் பேச அனுமதித்த வேறு எவராகவும் இருக்கலாம் என்கிறது ஆவணம். கணவன், மகன், மாமியார், பெற்ற தாய் எல்லோரும் இந்த ஒரே சொல்லுக்குள் அமர்ந்துவிடுகிறார்கள். இவர்கள் நால்வரில் யார் பக்கத்தில் இருந்தால் என்ன பேசலாம், யார் இருந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது கலியாணமாகி ஆறு மாதமான எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அத்தையிடம் சொந்தப் போன் இருந்திருந்தால் என்று கேட்கலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடு, கிராமங்களில் 47. எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் கிராமத்து ஆண்களில் 49 விழுக்காடு, பெண்களில் 25. இவை 15 முதல் 49 வயதுவரையிலானவர்களின் கணக்கு. என் அத்தை வயதுப் பெண்கள் அந்தக் கணக்கெடுப்பின் கேள்விக்கே வெளியே இருக்கிறார்கள். சந்தை, மருத்துவ நிலையம், ஊருக்கு வெளியே ஓரிடம் என மூன்றுக்கும் தனியாகப் போய்வர அனுமதி உள்ள பெண்கள் 42 விழுக்காடுதான் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. தனியாகப் போக முடியாதவளுக்கு வீட்டுக்கே மருத்துவர் வருவது வரம் என்று இதை வைத்தே வாதிடுகிறார்கள். பாதி உண்மை. எந்த வீட்டிலிருந்து வெளியே போக அவளுக்கு அனுமதி இல்லையோ, அதே வீட்டுக்குள்தான் மருத்துவரும் வருகிறார்.

தமிழில் 'திரை' என்றால் மறைக்கும் துணியும் அதுதான், காட்டும் கண்ணாடியும் அதுதான். ஆஸ்பத்திரியில் நம்மைச் சோதிக்கும் முன் செவிலியர் ஒரு திரையை இழுத்து மூடுவார். கூட வந்தவர்களை 'வெளிய இருங்க' என்பார். ஏழைப் பெண்ணுக்கு அவள் வாழ்க்கையிலேயே கிடைக்கும் அபூர்வமான தனி அறை அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னால் இருக்கும் நான்கடி இடம். அரசு மருத்துவமனைகளில் அதுவும் பல நேரம் இல்லை என்பதை அறிவேன். ஒரே மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, மாதவிலக்கு எப்போது வந்தது என்று உரக்கக் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தொலைமருத்துவத்தில் கண்ணாடித் திரை வந்தது. துணித் திரை கூட வரவில்லை.

நடக்கவே நடக்காது என்று சொல்ல வரவில்லை. நடந்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததும், என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் தேனிப் பக்கத்து அரவிந்த் பார்வை மையங்கள். 1976-இல் மருத்துவர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 2000-களின் நடுவில் கிராமங்களையும் சிற்றூர்களையும் நோக்கிப் பார்வை மையங்களை அது திறந்தது. அப்போது அங்கெல்லாம் நல்ல இணைய இணைப்பு கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயரமான இடங்களில் ஆன்டெனாக்களை வைத்து, வீட்டுக்குள் பயன்படும் வைஃபையைப் பல கிலோமீட்டர் தூரம் பாயச் செய்தார்கள். மையத்துக்கு வரும் நோயாளி, தேனி மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவரோடு வீடியோவில் பேசினார்.

இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆன்டெனாவில் நின்றுவிடுகிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்ப்போம். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண். இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர். வந்தவரின் பார்வையை எழுத்துப்பலகை வைத்துச் சோதிக்கிறார், ஸ்லிட் விளக்கில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணின் முன்பகுதியைப் பார்க்கிறார், கண்ணழுத்தம் அளக்கிறார். கண்டதை எல்லாம் பதிவு செய்துவிட்டுத்தான் மருத்துவரை அழைக்கிறார். மருத்துவர் திரையில் வரும்போது முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். இவரும் மூன்றாவது ஆள்தான். ஆனால் இந்த மூன்றாவது ஆள் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று மறைப்பதில்லை. தொட முடியாத மருத்துவருக்குக் கையாகவும், மருத்துவர் சொல்வது விளங்காத பாட்டிக்கு மொழியாகவும் இருக்கிறார். தனக்குத் தெரிந்த தெருவில், தனக்குத் தெரிந்த பேச்சைப் பேசும் ஒரு பெண் இருக்கிறாள் என்பதால், மதுரைக்குக் கூட்டிப்போக மகன் லீவு போடட்டும் என்று காத்திராமல் ஒரு பாட்டி தானே நடந்து வந்துவிட முடிகிறது. பார்வையிழப்பு பெண்களிடையே அதிகம் என்பதையும் சேர்த்து யோசித்தால் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் இரண்டு விஷயங்களை இங்கே கேட்டாக வேண்டும். முதலாவது, 'மலிவு' எங்கிருந்து வருகிறது என்பது. கண் மருத்துவர் ஒரு மணி நேரத்தில் செய்யும் பத்து வேலைகளில் எட்டை, அவரைவிடப் பல மடங்கு குறைந்த ஊதியத்தில் ஒரு இளம்பெண் செய்கிறார். அந்த வித்தியாசமே நோயாளிக்குக் குறைந்த கட்டணமாக வந்து சேர்கிறது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கண் மருத்துவமனையின் சீருடை அணிந்த வேலை, வயலையும் மில்லையும் விட்டால் வேறு வழியில்லாத பல குடும்பங்களின் பெண்களுக்கு மதிப்பையும் சம்பளத்தையும் கொடுத்திருக்கிறது. ஆனால் மேலாண்மைப் பள்ளிகள் இதை நிறுவனத்தின் சாமர்த்தியமாகப் பாடம் நடத்தும்போது, கணக்கின் அந்த வரியில் இருப்பது பெண்ணின் உழைப்பு என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசுத் திட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். நாடெங்கும் சுமார் 10 லட்சம் ஆஷா பணியாளர்களுக்கு 2022-இல் உலக சுகாதார நிறுவனம் விருது அளித்தது. அரசின் கணக்கிலோ அவர்கள் தன்னார்வலர்கள், கிடைப்பது ஊக்கத்தொகை. 'தன்னார்வம்' என்ற அழகான சொல் கூலிக்கான பேச்சை எவ்வளவு மென்மையாக மூடிவிடுகிறது பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, ஏன் கண்? தொலைமருத்துவத்தின் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் கண், இதயம், எக்ஸ்ரே படம், சர்க்கரை என்றே இருக்கின்றன. படமெடுத்து அனுப்பத் தோதானவை என்பது தொழில்நுட்பக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இவையெல்லாம் யார் முன்னாலும் சொல்லக்கூடிய உறுப்புகள். 'கண்ணு மங்குது' என்று ஒரு பெண் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்வாள். வெள்ளைப்படுவதை, சிறுநீர் கசிவதை, உறவின்போதான வலியை, மார்பில் தட்டுப்படும் கட்டியை அப்படிச் சொல்ல மாட்டாள். கண்ணுக்குப் பொருந்திய ஏற்பாட்டை அப்படியே கருப்பைக்கும் விரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், பெண் தன் உடலை எத்தனை அறைகளாகப் பிரித்து, எந்த அறைக்கு யாரை அனுமதித்து வாழ்கிறாள் என்பதை அறியாதவர்கள்.

தொடுதல் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். நம் ஊரில் தொடுதலுக்குள் சாதியும் இருக்கிறது. நாடியைப் பிடிக்கத் தயங்கிய கையை, மாத்திரையை மேசையில் வைத்து நகர்த்திய விரலை நினைவில் வைத்திருக்கும் தலித் பெண்கள், திரையில் பேசும் மருத்துவரிடம் ஒரு நிம்மதியை உணரக்கூடும். தொடாமை அங்கே எல்லோருக்கும் பொது. ஆனால் தொடவேண்டிய நோய் வரும்போது, மறுபடியும் அருகில் இருக்கும் கை யாருடையது, அது தொடுமா என்ற கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்.

தொடத் தேவையில்லாத மருத்துவம் ஒன்று உண்டென்றால் அது மனநலம். சென்னையில் 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. உள்ளே ஆலோசனை அறை, திரை, மருந்தகம். சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார், மருந்து பேருந்திலேயே இலவசமாகக் கிடைக்கும். இத்திட்டத்தில் நான் வியப்பது அந்தப் பேருந்தின் நான்கு சுவர்களையும் ஒரு கதவையும்தான். வீட்டுக்குள் மருத்துவரைக் கொண்டுவராமல், வீட்டிலிருந்து சில அடி தள்ளி ஓர் அறையைக் கொண்டுவந்தார்கள். மனச்சிதைவு நோயுள்ள, மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெற்றவர்களிடமே திரும்பி வந்திருந்தார்கள். அப்படியொரு பெண்ணைப் பேருந்துக்குக் கூட்டிவரும் 'பராமரிப்பவர்' யாராக இருப்பார்? முதுகு வளைந்த ஒரு தாய். மாத்திரையை எந்த வேளைக்கு எத்தனை என்று விரல் மடக்கிக் கேட்டுக்கொள்ளும் அந்தத் தாயிடம், 'உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு' என்று கேட்க எந்தத் திட்டத்திலும் ஒரு கட்டம் இல்லை.

இதுவரை பேசியது மூன்றாவது ஆள் இருக்கும் இடங்களை. அவர் இல்லாமல் ஒரு பெண் பேச முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இந்திய வழிகாட்டுதல்கள் வெளியாகி ஐந்து நாள் கழித்து, 2020 மார்ச் 30 அன்று, இங்கிலாந்து அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பத்து வாரத்துக்கு உட்பட்ட கருவைக் கலைக்க விரும்பும் பெண், தொலைபேசியிலோ வீடியோவிலோ மருத்துவ ஆலோசனை பெற்று, இரண்டு வகை மாத்திரைகளையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். தற்காலிகம் என்று வந்த ஏற்பாட்டை 2022-இல் நாடாளுமன்றம் நிரந்தரமாக்கியது. நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. மணமாகாத பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் சட்டமும் விதிகளும் மருத்துவரின் அறையையும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் தூரத்தை ஒழிக்கத் துடிப்பவர்கள், பெண்ணுக்குத் தனிமை மிகவும் தேவைப்படும் இந்த ஒன்றில் தூரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இங்கிலாந்தில் இந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று, போனில் பேசும் பெண்ணின் பக்கத்தில் அவளை மிரட்டுபவன் இருந்தால் என்ன செய்வது என்பது. என் வாதத்தை எடுத்து எனக்கே எதிராக வைத்ததுபோல் இருக்கிறது. மூன்றாவது ஆளைப் பற்றிய கவலை, கதவை அடைப்பதற்கான சாக்காக மாறிவிடக்கூடாது. மருத்துவமனைக்கு நேரில் வரும் பெண்ணின் கூடவும்தான் கணவன் வருகிறான். அங்கே 'வெளிய இருங்க' என்று சொல்ல ஒரு செவிலியர் இருக்கிறார் என்பதே வித்தியாசம். அந்தச் செவிலியரைத் திரைக்கு இந்தப் பக்கம் எப்படி நிறுத்துவது என்றுதான் யோசிக்க வேண்டும்.

நிபுணர்கள் ஏன் தூரத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தொலைமருத்துவம் வசதியாக மறக்கச் செய்கிறது. ஊரகச் சமுதாய சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அறுவை, பொது, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என நான்கு நிபுணர்கள் இருக்க வேண்டும். 2021–22 ஆண்டுக்கான மத்திய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, தேவையான நிபுணர்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பணி மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 விழுக்காடு இடம் ஒதுக்கியது, நிபுணர்களைச் சிற்றூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரக் கண்ட வழிகளில் ஒன்று. அதைக் காக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மாநிலங்களின் உரிமையை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆளில்லாத நாற்காலியில் திரையை வைத்துவிட்டு நாற்காலி நிரம்பிவிட்டது என்று எழுதத் தொடங்கினால், திரையில் தெரிந்த நோயை அறுவை செய்யவும் தைக்கவும் யார் வருவார்?

அத்தையின் கதையில் அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மழை தூறியதால் மகன்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டான்; போகாமல் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். செவிலியர் அத்தையின் முகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "தம்பி, அம்மா ஆதார் கார்டு ஜெராக்ஸ் ரெண்டு வேணும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கட இருக்கு, எடுத்துட்டு வந்துருங்க" என்றார். அவன் போனதும் கதவைச் சாத்தினார். என்னையும் பார்த்தார். நானும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே என்ன பேசினார்கள் என்பதை அத்தை பிறகு சொன்ன அளவுக்கே அறிவேன். செவிலியர் முதலில் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். பிறகு தன் போனில் மகப்பேறு மருத்துவரை அழைத்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி, போனை அத்தையின் கையில் கொடுத்திருக்கிறார். "டாக்டரம்மா எத்தன பிள்ளைனு கேட்டாக, எத்தன தங்குச்சுனும் கேட்டாக" என்றார் அத்தை. தாலுகா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார்கள். கருப்பையைத் தாங்க அங்கே வளையம் வைத்தார்கள். அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். தையில் அத்தை அறுப்புக்குப் போகவில்லை. வளையத்தால் அல்ல, அந்த வருஷம் மழை கூடிப்போய்ப் பயிர் அழுகிவிட்டது.

அன்று மகன் நனைந்துகொண்டே ஜெராக்ஸோடு திரும்பி வந்தான். செவிலியர் இரண்டு தாளையும் வாங்கி, மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். அதில் ஏற்கெனவே வேறு பெண்களின் ஆதார் நகல்கள் ஒரு கட்டு கிடந்தது.